வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

திருவிழாக் கூட்டங்களிலும் சர்க்கஸ் கொட்டகைகளிலும் வாள் விழுங்கும் வித்தைக்காரரை வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயை அகலத் திறந்து, ஒன்றரை அடி நீளமுள்ள கத்தியைக் கைப்பிடி வரையில் உள்ளே இறக்குவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கத்தியை உருவி எடுத்து அவர் கும்பிடு போட்டதும் கைதட்டல் எழும். தட்டில் காசு விழும். வேடிக்கை முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போய்விடுவோம்.

1868-ஆம் வருஷத்தில், ஜெர்மனியில் ப்ரைபர்க் என்ற ஊரில், அப்படிப்பட்ட ஒரு வித்தையைக் கேள்விப்பட்ட டாக்டர் ஒருவர் வேறு விதமாக யோசித்தார். இரும்புக் கத்தி நேராக வயிறு வரையில் இறங்குமானால், உள்ளே துவாரமுள்ள ஒரு குழாயும் இறங்க வேண்டும் அல்லவா? குழாய் இறங்கினால் அதன் வழியே வெளிச்சத்தைச் செலுத்தி, உயிருள்ள மனிதனின் இரைப்பையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாமே!

அந்த டாக்டரின் பெயர் அடால்ப் குஸ்மால். உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் சஸ்திர சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் இன்று சென்னையிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் உண்டு. பெரும்பாலோர் சுகமாக வீடு திரும்புகிறார்கள். ஆனால் சிலருக்குத் தையலில் கசிவோ, பாதையில் அடைப்போ, ரத்தப் போக்கோ ஏற்பட்டுவிடுகிறது. அப்படி ஏற்படும்போது பல சமயங்களில் வயிற்றை மறுபடியும் கிழிக்காமல், வாய் வழியே மெல்லிய குழாயை விட்டே டாக்டர்கள் அதைச் சரிசெய்துவிடுகிறார்கள். அந்த வாசலை முதலில் தட்டிப் பார்த்தவர் குஸ்மால்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ஜெர்மனியின் தென்மேற்கில் அந்நாளில் பாடன் என்று ஒரு சிறு ராஜ்யம் இருந்தது. அதன் தலைநகரமான கார்ல்ஸ்ரூஹேக்குச் சமீபத்தில் கிராபன் என்ற கிராமம். அங்கே 1822-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி குஸ்மால் பிறந்தார். தகப்பனார் கிராமங்களில் வைத்தியம் பார்த்த டாக்டர். நோயாளிகள் வந்து காத்திருப்பதையும், தகப்பனார் அகாலத்தில் எழுந்து போவதையும் பார்த்தே பிள்ளை வளர்ந்தான். அவனும் டாக்டருக்குப் படித்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் மாணவராக இருந்தபோதே, உடம்பின் இருட்டான உள்ளிடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. கண்ணின் மணிக்குப் பின்னால் தெரியும் நிறங்களைப் பற்றி 1844-ல் அவர் செய்த ஆராய்ச்சிக்குப் பரிசு கிடைத்தது. கண்ணின் ஆழத்தைப் பார்க்க ஒரு கருவி செய்யவும் முயன்றார். அது பலிக்கவில்லை. சில வருஷங்கள் கழித்து, 1851-ல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற மேதை அந்தக் கருவியைச் செய்து உலகப் புகழ் பெற்றார். இன்று கண் டாக்டர்கள் நம் கண்ணுக்குள் பார்ப்பது அந்த வழியில்தான்.

இளைஞர் குஸ்மாலுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆயினும் அவர் மனத்தில் விழுந்த விதை கெட்டுப்போகவில்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

படிப்பு முடிந்ததும் வியன்னாவுக்கும் பிராக் நகரத்துக்கும் போய், அக்காலத்தின் பெரிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார். 1848-ல் ஐரோப்பா முழுவதும் கலகமும் யுத்தமுமாக இருந்த சமயத்தில் பாடன் ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். பிறகு 1850-ல், கருங்காடு என்று பெயர் பெற்ற மலைப் பிரதேசத்தில் கான்டர்ன் என்ற சிற்றூரில் போர்டு மாட்டி வைத்தியம் ஆரம்பித்தார்.

காலே கைவிட்டபோது

மலைநாட்டு வைத்தியம் லேசானதல்ல. நோயாளி ஒரு குன்றில் இருப்பார். அடுத்த நோயாளி மூன்று குன்றுகளுக்கு அப்பால் இருப்பார். பனிக்காலத்திலும் போயாக வேண்டும். மூன்று வருஷம் இப்படி அலைந்த பிறகு, 1853-ல் குஸ்மால் கடுமையான நோயில் விழுந்தார். கால்கள் வலுவிழந்தன. படுக்கையிலேயே பல நாட்களைக் கழிக்க நேர்ந்தது. உயிர் பிழைத்தார்; ஆனால் மலை ஏறி இறங்கி வைத்தியம் செய்ய இனி உடம்பு இடம் கொடுக்காது என்பது தெளிவாயிற்று.

குடும்பஸ்தர். கையில் இருந்த தொழில் போய்விட்டது. வயதோ முப்பதைக் கடந்துவிட்டது. அந்த நிலையில் மற்றவர்கள் என்ன செய்வார்களோ, குஸ்மால் மறுபடியும் மாணவரானார்! வுர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்குப் போய், நோய்களின் மூலத்தை உடலின் அணுக்களில் தேடிய விர்ஷோ என்ற பேராசிரியரிடம் படித்து, டாக்டர் பட்டம் பெற்றார். 1857-ல் ஹைடல்பர்க்கில் பேராசிரியர், 1859-ல் எர்லாங்கன், 1863-ல் ப்ரைபர்க். கால் தளர்ந்து மலையிலிருந்து இறங்கியவர் கலாசாலைப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறிவிட்டார்.

இவர் எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த பண்டிதர் என்று நினைத்துவிட வேண்டாம். லுட்விக் ஐக்ரோட் என்ற நண்பருடன் சேர்ந்து கேலிக் கவிதைகள் எழுதியவர். பீடர்மையர் என்ற கற்பனை வாத்தியார் ஒருவரின் பெயரில் அவை 1855 முதல் மூனிக் நகரத்து ஹாஸ்யப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தன. அந்தப் பெயரே பிற்காலத்தில் ஜெர்மனியின் ஒரு காலகட்டத்துக்கும், அந்தக் காலத்து நாற்காலி, மேஜை, சித்திரங்களுக்கும் பெயராக நிலைத்துவிட்டது!

மடை அடைத்த கண்மாய்

ப்ரைபர்க் ஆஸ்பத்திரியில் குஸ்மாலை மிகவும் வருத்திய நோய் ஒன்று இருந்தது. அதைப் புரிந்துகொள்ள நம் நாட்டுக் காட்சி ஒன்று உதவும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. அங்கே குடிகொண்டிருக்கும் சுவாமிக்கு நீர் காத்த அய்யனார் என்று பெயர். மலையிலிருந்து இறங்கும் ஆறு கோவிலை ஒட்டி ஓடி வருகிறது. அந்தத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ராஜபாளையம் ஜனங்களுக்குக் குடிநீராகிறது. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரையில் மலையடிவாரம் நெடுகிலும் மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் கண்மாய்கள் உண்டு. தண்ணீர் ஒரு பக்கம் வந்து சேரும்; மடை வழியே மறுபக்கம் அளவோடு வெளியேறும். மடையும் கரையும் சரியாக இருக்கும் வரையில் விவசாயிக்குக் கவலையில்லை.

நம் வயிறும் இப்படித்தான். உணவுக்குழல் ஓடை, இரைப்பை கண்மாய், இரைப்பையின் கீழ் முனையில் குடலுக்குத் திறக்கும் குறுகிய வாய்தான் மடை. வயிற்றுப்புண் வந்து ஆறி, தழும்பு இறுகினால் மடை சுருங்கிவிடும். சாப்பிட்டது கீழே போகாது. இரைப்பை நாளுக்கு நாள் வீங்கும். உணவு அங்கேயே கிடந்து புளித்து, வாந்தியாக வெளிவரும். நோயாளி எலும்பும் தோலுமாகிப் போவார். அந்நாளில் அபினும் சோடா உப்பும் கொடுப்பதைத் தவிர டாக்டர்களுக்கு வேறு வழி தெரியாது. வயிற்றைக் கிழித்து மடையைச் சரிசெய்யும் துணிவு அதுவரையில் யாருக்கும் வரவில்லை. கிழித்தால் நோயாளி பிழைக்கமாட்டார்.

1867-ல் அப்படிப்பட்ட ஓர் இளம்பெண் குஸ்மாலின் சிகிச்சைக்கு வந்தாள். விஷம் குடித்தவர்களின் வயிற்றைக் காலி செய்ய அப்போது ஒரு பம்பு வழக்கத்தில் இருந்தது. குஸ்மால் அந்தக் குழாயை அவளுடைய வாய் வழியே இறக்கி, தேங்கிக் கிடந்ததை உறிஞ்சி எடுத்தார். பிறகு தண்ணீர் விட்டு இரைப்பையை அலம்பினார். அவளுக்கு அன்றே சுகம் தெரிந்தது. நாள்தோறும் அலம்ப அலம்ப வாந்தி குறைந்தது. உடம்பும் தேறத் தொடங்கியது. 1869-ல் இந்த முறையை விவரித்து அவர் எழுதிய கட்டுரை ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விஷத்தை எடுப்பதற்காக வந்த குழாய், நோயைத் தணிக்கும் கருவியாக மாறியது. கத்தியைத் தொடாமல், இயற்கை கொடுத்த வாய் வழியாகவே போய், இரைப்பைக்குள் வேலை செய்ய முடியும் என்று குஸ்மால் உலகுக்குக் காட்டினார்.

ஆனால் அவர் மனம் திருப்தி அடையவில்லை. அலம்புகிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அலம்புகிறோம். புண்ணா? கட்டியா? தழும்பா? பார்க்க முடிந்தால்!

வாள் விழுங்கி வந்தார்

பிரான்ஸ் தேசத்தில் டெசர்மோ என்ற டாக்டர், மூத்திரப்பையைப் பார்க்க விளக்கும் கண்ணாடியும் பொருத்திய குழாய் ஒன்று செய்திருந்தார். சாராய ஸ்பிரிட்டும் டர்பன்டைனும் கலந்து எரிக்கும் விளக்கு அது. குஸ்மால் அந்த விளக்கை உபயோகித்து உணவுக்குழலைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். அதற்கும் கீழே, இரைப்பை வரையில் போவது எப்படி? வாயிலிருந்து தொண்டை வளைந்து இறங்குகிறது. வளையாத உலோகக் குழாய் அங்கே முட்டிக்கொள்ளும், நோயாளிக்குக் குமட்டும், மூச்சுத் திணறும்.

இந்தச் சமயத்தில்தான் வாள் விழுங்கியின் செய்தி வந்தது. குஸ்மால் அவரைத் தம்முடைய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் செய்தார். வித்தைக்காரர் தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்தபோது வாய், தொண்டை, உணவுக்குழல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வந்தன. பல வருஷப் பழக்கத்தால் அவருக்குக் குமட்டலும் இல்லை. மனித உடம்பில் வாயிலிருந்து இரைப்பைக்கு நேர்வழி உண்டு என்ற உண்மையை எந்தப் புஸ்தகமும் சொல்வதற்கு முன்னால், வயிற்றுப் பிழைப்புக்காக அந்த மனிதர் கற்றுவைத்திருந்தார்.

47 செண்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள உலோகக் குழாய் செய்யப்பட்டது. அதாவது ஒன்றரை அடி நீளம். அரை அங்குல கனம். வித்தைக்காரர் அதைச் சிரமமின்றி விழுங்கிவிட்டார். ப்ரைபர்க்கின் விஞ்ஞானிகள் கூடிய சபையிலும் 1868-ல் இது காட்டப்பட்டது. உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் பார்வைக் குழாய் நுழைந்த முதல் சம்பவம் என்று வைத்திய சரித்திரம் இதையே குறிக்கிறது.

குழாய் போயிற்று, வெளிச்சம் போகவில்லை! வெளியே எரியும் விளக்கின் ஒளி, ஒன்றரை அடி தூரம் இறங்குவதற்குள் மங்கிவிட்டது. முன்கூட்டியே இரைப்பையைப் பம்பு வைத்துக் காலி செய்திருந்தும், சளியும் நீரும் ஊறி வந்து மறைத்தன. தெளிவாக எதையும் பார்க்க முடியவில்லை. நோயாளிகளோ வித்தைக்காரர்கள் அல்ல. அவர்களுக்கு இப்படிப்பட்ட குழாயை விடுவது ஆபத்து. குஸ்மால் இதைப் பெரிய வெற்றியாக விளம்பரம் செய்துகொள்ளவில்லை. முயற்சியை அத்துடன் நிறுத்திவிட்டார். இளமையில் கண்ணுக்குள் பார்க்க முயன்று தோற்றவர், நடுவயதில் வயிற்றுக்குள் பார்க்க முயன்றும் முழு வெற்றி காணவில்லை.

அந்த வித்தைக்காரருக்கு என்ன சன்மானம் கிடைத்ததோ, வைத்திய சரித்திரத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு. இன்று உலகமெங்கும் இந்தப் பரிசோதனைக்காகப் படுக்கும் அத்தனை பேருக்கும் அவரே முன்னோடி.

மாப்பிள்ளையும் மருந்தும்

குஸ்மாலின் மகளை மணந்தவர் வின்சென்ஸ் செர்னி. வியன்னாவின் பிரசித்தி பெற்ற சர்ஜன் பில்ராத்திடம் தொழில் கற்றவர். மாமனார் குழாயால் இரைப்பைக்குள் நுழைந்தார் என்றால், மாப்பிள்ளை கத்தியால் நுழைந்தார். நாய்களுக்கு இரைப்பையை அநேகமாக முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, உணவுக்குழலைக் குடலோடு இணைத்துத் தைத்தார். 1878-ல் இந்தச் சோதனைகளின் விவரம் வெளியாயிற்று. அந்த நாய்களில் ஒன்று பல வருஷங்கள் உயிரோடிருந்து எல்லோரையும் வியக்க வைத்தது. இரைப்பை பெரும்பாலும் இல்லாமலே ஒரு பிராணி உண்டு வாழ முடியும் என்பது அப்போதுதான் நிச்சயமாயிற்று.

1881-ல் பில்ராத் மனிதருக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியை நீக்கி, நோயாளியை உயிரோடு எழுப்பிக் காட்டினார். அதன் பிறகு வயிற்றுப்புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் இரைப்பைச் சிகிச்சை சகஜமாகிவிட்டது. புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் பலர் மறுபடியும் பருமனாவதில்லை என்பதை அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த மேசன் என்ற சர்ஜன் கவனித்தார். 1966-ல் பருமனைக் குறைப்பதற்கென்றே இரைப்பையைச் சிறிதாக்கி, குடலை அதனுடன் இணைக்கும் சிகிச்சையை அவர் தொடங்கினார். இன்று செய்யப்படும் சிகிச்சைகள் அந்த வழியில் வந்தவைதான்.

குஸ்மாலின் பெயர் இதில் இன்னொரு விதத்திலும் கலந்திருக்கிறது. நீரிழிவு முற்றி நினைவு தப்பும் நோயாளிகள் ஆழமாகவும் பலமாகவும் மூச்சு வாங்குவதை 1874-ல் அவர் விவரித்தார். இன்றும் உலகெங்கும் டாக்டர்கள் அதைக் குஸ்மால் சுவாசம் என்றே அழைக்கிறார்கள். இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத அந்நாளில், அந்த மூச்சைக் கேட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பருமனும் நீரிழிவும் சேர்ந்து வருத்தும் நோயாளிகளுக்கு நீரிழிவைக் கட்டுப்படுத்தவே இரைப்பைச் சிகிச்சை செய்யும் காலத்தில் நாம் இருக்கிறோம்.

1876-ல் ஸ்ட்ராஸ்பர்க் சர்வகலாசாலைக்குப் போன குஸ்மால், வயோதிகத்தில் உத்தியோகத்தை விட்டு ஹைடல்பர்க்கிலேயே வந்து தங்கினார். தம்முடைய இளமைக் காலத்தைப் பற்றி 1899-ல் அவர் வெளியிட்ட புஸ்தகத்தை ஜெர்மானியர் ஆவலோடு வாங்கிப் படித்தனர். 1902-ஆம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, 80-ஆவது வயதில் காலமானார்.

விளக்கு உள்ளே போன கதை

குஸ்மாலுக்குக் குறையாயிருந்தவை இரண்டு: வெளிச்சம் ஒன்று, வளையும் குழாய் மற்றொன்று. இரண்டும் கிடைக்க அநேகமாக 90 வருஷங்கள் ஆயின.

1881-ல் வியன்னாவில் பில்ராத்தின் சீடர் மிக்குலிச், மின்சாரத்தால் ஒளிரும் கம்பியைக் குழாயின் நுனியிலேயே வைத்து, இரைப்பையை முன்னைவிட நன்றாகப் பார்த்தார். 1932-ல் ஷிண்ட்லர் என்ற ஜெர்மானிய டாக்டர், பாதி வளையும் குழாயைச் செய்வித்தார். யூத வம்சத்தவரான அவர் நாஜிகளால் சிறை வைக்கப்பட்டு, 1934-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

ஒளியையே வளைத்துக் கொண்டுபோகும் வித்தையில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் ஆராய்ச்சி செய்தார். மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைக் கற்றையாகக் கட்டினால், வளைந்த பாதையிலும் அவற்றின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று இருவரும் 1954-ல் எழுதிக் காட்டினர். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர், அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் தோழர்களுடன் சேர்ந்து, நன்றாக வளையும் குழாயைச் செய்து முடித்தார். 1957-ல் அதை நோயாளிக்கு விடுவதற்கு முன் தாமே விழுங்கிப் பார்த்தார்! எண்டோஸ்கோப் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட கருவி இந்தப் பரம்பரையில் வந்தது. இப்போது அதன் நுனியில் கடுகளவு காமிரா இருக்கிறது. படம் திரையில் தெரிகிறது. வாள் விழுங்கத் தெரியாதவர்களும் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

கரை உடைந்தால், மடை அடைத்தால்

இனி இன்றைய விஷயத்துக்கு வருவோம். பருமன் சிகிச்சைகளில் அதிகமாகச் செய்யப்படுவது, இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீளவாக்கில் நீக்கிவிட்டு, மீதியை வாழைக்காய் போன்ற குறுகிய குழலாக்குவது. மற்றொன்று, இரைப்பையின் மேல்முனையில் சிறு பையை மட்டும் விட்டு, அதில் குடலை இணைப்பது. இரண்டிலும் வெட்டிய இடத்தை உலோகத் தையல்களால் மூடுகிறார்கள்.

நமது கண்மாயை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரக்கூடிய கேடுகள் இரண்டு: கரை உடைவது, மடை அடைப்பது. சிறிதாக்கிய இரைப்பைக்கும் இவையே வருகின்றன.

நூறு பேரில் ஓரிருவருக்குத் தையல் வரிசையில் எங்காவது கசிவு உண்டாகலாம். பெரும்பாலும் உணவுக்குழல் வந்து சேரும் மேல் மூலையில்தான் கரை உடையும். ஜீரண நீர் வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். காய்ச்சல், நாடித் துடிப்பு வேகமாவது, வயிற்றிலோ இடது தோளிலோ வலி ஆகியவை அறிகுறிகள். அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பின்னும் இது தோன்றலாம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முன்பெல்லாம் மறுபடி வயிற்றைத் திறப்பதே வழி. வீங்கிச் சிவந்த இடத்தில் மறுபடி போட்ட தையலும் நிற்காது. இப்போது எண்டோஸ்கோப் வழியே உறை போட்ட வலைக்குழாய் ஒன்றை உள்ளே விரித்து, கசிவு வாயை உட்புறமிருந்து மறைக்கிறார்கள். உணவும் உமிழ்நீரும் குழாய்க்குள் போய்விட, புண் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. அல்லது இரு முனையும் சுருண்ட சிறு பிளாஸ்டிக் குழாயைச் சீழ்க்கட்டிக்கும் இரைப்பைக்கும் இடையே வைத்து, சீழ் உட்பக்கமாகவே வடிந்துவிடச் செய்கிறார்கள். மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. பஞ்சு போன்ற துண்டைக் குழாயின் நுனியில் கட்டி, கசிவுப் பள்ளத்தில் வைத்து, வெளியே ஒரு பம்பினால் இடைவிடாமல் உறிஞ்சுகிறார்கள். சில நாட்களுக்கு ஒரு முறை துண்டை மாற்றுகிறார்கள். சீழ் வற்றி, பள்ளம் சுருங்கி, புது மாமிசம் வளர்ந்து மூடிக்கொள்கிறது. 1867-ல் ப்ரைபர்க்கில் ஓர் இளம்பெண்ணின் வயிற்றை உறிஞ்சிய பம்பின் ஞாபகம் வருகிறதல்லவா?

மடை அடைப்பது இரண்டாவது கேடு. குழலான இரைப்பை நடுவில் இறுகலாம். அல்லது குடலை இணைத்த வாய் தழும்பேறிச் சுருங்கலாம். முதலில் சோறு இறங்காது. பிறகு கஞ்சி இறங்காது. கடைசியில் தண்ணீரும் வாந்தியாகும். இதற்கு எண்டோஸ்கோப் வழியே சுருங்கிய பலூனைக் கொண்டுபோய், இறுக்கத்தின் நடுவே வைத்து, அளவாக ஊதி விரிக்கிறார்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் சில வாரங்கள் விட்டு மறுபடியும் செய்கிறார்கள். குஸ்மாலால் அலம்பத்தான் முடிந்தது. இன்று மடையையே திறந்துவிட முடிகிறது. தையலில் ரத்தம் கசிந்தாலும், இணைத்த இடத்தில் புண் உண்டானாலும் அதே குழாய் வழியே பார்த்து, சிறு உலோகக் கிளிப்பைப் போட்டோ, ஊசி மருந்தாலோ, சூட்டாலோ ரத்தத்தை நிறுத்துகிறார்கள்.

எல்லாவற்றையும் இப்படியே சரிசெய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். சீழ் வயிறு முழுவதும் பரவி நோயாளி சோர்ந்துவிட்டால், கத்தியை எடுத்தே ஆக வேண்டும். குழாய்ச் சிகிச்சையும் ஒரு நாளில் முடிவதில்லை. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பலன் அதிகம்.

அய்யனார் கோவில் பக்கத்தில் இருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோ ஒருவர் மதுரைக்குப் போய் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் படபடப்பும் வருகின்றன. அல்லது ஒரு மாதம் கழித்துச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது. வீட்டுப் பெரியவர்கள் பித்தம் என்பார்கள், கஷாயம் கொடுப்பார்கள், பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். நாட்கள் ஓடிவிடும். இந்தத் தாமதம்தான் பெரிய விரோதி. காய்ச்சலோ, ஓயாத வாந்தியோ, கறுப்பாக மலம் போவதோ எதுவானாலும், அறுவை செய்த டாக்டரிடம் அன்றே தெரிவித்துவிட வேண்டும். மேல் ஆஸ்பத்திரிக்கு வேறு யாரிடமாவது போக நேர்ந்தால், இரைப்பையில் இன்ன சிகிச்சை ஆகியிருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பல நாள் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் தயாமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிவிடும். அது வற்றினால் நடை தள்ளாடும், பார்வை இரண்டாகும், புத்தி தடுமாறும். அந்த வைட்டமினை ஊசியாகக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கேடு அதிகமாகும். டாக்டர்களுக்கு இது தெரியும். நோயாளியின் சரித்திரத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியது வீட்டாரின் பொறுப்பு.

குஸ்மால் ஆயுளில் பார்க்க ஆசைப்பட்டதைத் தெளிவாகப் பார்க்காமலே போய்விட்டார். ஆனால் இரைப்பைக்கு வாய் வழியே போகலாம், போய் நோயாளிக்கு உதவலாம் என்ற நம்பிக்கையை விட்டுச் சென்றார். கான்டர்ன் மலைகளில் கால் ஓய்ந்துபோன அந்தக் கிராமத்து டாக்டர் அன்றே மனம் ஓய்ந்திருந்தால், அந்த நம்பிக்கை பிறக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!